இடப்பக்கத்துப் பள்ளம்

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மில்லிக்கனில் வீடு வாங்கிய நாளிலிருந்து சச்சிதானந்தனுக்குப் பனி என்பது அள்ளிக் கொட்டவேண்டிய ஒரு குப்பை. அவர் முதுகு நோக அள்ளி முடிப்பார். நகரசபை வண்டி வந்து ரோட்டில் கிடந்ததையெல்லாம் வழித்து மறுபடியும் அவர் வாசலிலேயே தள்ளிவிட்டுப் போகும். வண்டிக்காரனை அவர் யாழ்ப்பாணத் தமிழில் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் திரும்ப அள்ளுவார். இந்தச் சனியனைத் தேடிக் காசு செலவழித்து மலைக்கு ஏறுகிற ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்கள், அதில் தன்னுடைய மகனும் ஒருத்தன் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

மகன் மிதுனன் கல்கரியில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தான். அவனோடு ஒரே அறையில் இருந்தவன் நிஸ்தார். ஸ்காபரோவில் பிளாசா ஒன்றில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் அஹமதுவுக்கும் மனைவி ஸபியாவுக்கும் ஒரே மகன். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்திலேயே ஒட்டிக்கொண்டவர்கள். ஒருத்தன் கல்கரிக்கு எழுதிப்போட, மற்றவனும் எழுதிப்போட்டான். மலை பக்கத்தில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

அஹமது குடும்பம் யாழ்ப்பாணம் சோனகதெரு. தொண்ணூறாம் ஆண்டு புலிகள் இயக்கம் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது, உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டு, புத்தளத்தில் அகதி முகாமில் கிடந்து, பிறகு ரொறன்ரோ வந்து சேர்ந்தவர்கள். கடையில் அவர் அந்தக் கதையை எடுப்பதில்லை. ஆட்டிறைச்சி வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். கதை எடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் சங்கடம். சச்சிதானந்தன் அதற்கு முன்னமே, எண்பத்தேழில் வந்துவிட்டவர். அவர் அஹமதுவை 'நானா' என்பார், அஹமது அவரை 'அண்ணை' என்பார். எலும்பில்லாத துண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுப்பார். மகன்மாரின் சிநேகிதத்தால் வந்த சலுகை அது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு மாசி மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம் டெலிபோன் அடித்தது. சச்சிதானந்தன் அப்போதுதான் பனி அள்ளிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நிஸ்தார் பனிக்குள்ளை போயிட்டான்."

பையன் சொன்னது முன்னுக்குப் பின்னாக இருந்தது. அழுகையும் நடுவில் வந்தது. ஒழுங்குபடுத்திச் சொன்னால் விசயம் இதுதான். இரண்டு பேரும் ரிக்கெற் எடுத்துச் சறுக்குகிற இடத்துக்குப் போகாமல், ரொக்கி மலையில் ஒருவரும் பராமரிக்காத ஒரு சரிவில் ஏறியிருக்கிறார்கள். முதல் வாரம் அடித்த காற்று மேல்பனியை இறுக்கிப் பலகையாக்கி வைத்திருந்தது. அதற்குக் கீழே பழைய பனி சீனியைப்போல உதிரியாய்க் கிடந்தது. சீனி மூட்டைக்கு மேலே பலகையைச் சரித்து வைத்தால் நிற்குமா? ரோட்டோரத்து அறிவிப்புப் பலகையில் ஆபத்து கணிசமானது என்று எழுதியிருந்தது. இருபது வயதுக்காரருக்குக் கணிசம் என்றால் போகலாம் என்றுதான் அர்த்தம்.

மிதுனன் முதலில் மேலே ஏறிவிட்டான். ஒருவர் கடந்து முடிந்த பிறகுதான் மற்றவர் சரிவுக்குள் கால் வைக்கவேண்டும் என்பது விதி. நிஸ்தார் அந்த நேரம் சரிவின் நடுவில் நின்றான். மிதுனன் உச்சியில் குறுக்காகச் சறுக்கியபோது காலுக்குக் கீழே பனி 'ஊம்' என்று ஒருமுறை அமுங்கியது. அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் இன்னும் இரண்டு எட்டு வைத்தான். அவனுடைய சறுக்குப் பலகையின் நுனியிலிருந்து வெடிப்பு ஓடியது. அவன் ஒரு மரத்தைப் பிடித்துத் தப்பினான். கீழே முழுச் சரிவும் கழன்று போனது. பெரும்பகுதி நேரே பள்ளத்தாக்குக்கு இறங்க, நிஸ்தாரின் சிவப்புத் தொப்பி மட்டும் இடப்பக்கமாக இழுபட்டுப் பாறைக்குப் பின்னாலிருந்த ஒடுங்கிய பள்ளத்துக்குள் போனதை மிதுனன் கண்ணால் கண்டான். இறங்கிப் போய்க் கூப்பிட்டான், மண்வெட்டியால் தோண்டினான். மேலேயிருந்து பனி வந்து வந்து தோண்டிய இடத்தை மூடியது. பனிக்குள் போனவரைத் தேடிப் பிடிக்கச் சிக்னல் கருவி ஒன்று உண்டு. வாடகைக்குக் கிடைக்கும். அதை இவர்கள் எடுத்துப் போகவில்லை. கடைசியில் அவன் ரோட்டுக்கு ஓடிவந்து, ஒரு விடுதியில் சொல்லி, அவர்கள் மலைக் காவலருக்குச் சொல்லியிருக்கிறார்கள். காவலர் வந்துகொண்டிருந்தார்கள்.

"நான்தான் அப்பா உடைச்சது. என்ரை காலுக்குக் கீழைதான் வெடிச்சது."

சச்சிதானந்தனுக்கு அதற்கு முன் சொன்னதெல்லாம் போய்விட்டது. இந்த ஒரு வசனம்தான் காதில் நின்றது.

எண்பத்தைந்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு சந்தியில் குண்டு வெடித்தபோது அவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். ஆமி ரோட்டில் நின்ற ஆண்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. எறிந்தவனைக் கண்டதாகச் சொன்ன இரண்டு பேரை, அடையாளம் காட்டு என்று வேறு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்த இரண்டு பேரும் வீட்டுக்கு வரவில்லை. சச்சிதானந்தன் அடிக்கு அடி ஒரே வசனத்தைச் சொன்னார்: நான் முன்னாலே போய்க்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. அவரை விட்டுவிட்டார்கள். மற்றவர்கள் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுத்த வயதில் அவர் தன் மகனுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்தார். காசில்லாமல் கிடைத்த புத்தி இல்லை அது. அவருடைய இடது காது இன்றைக்கும் சரியாகக் கேட்பதில்லை.

"இஞ்சை பார், அழாமல் கேள்," என்றார். "உன்ரை காலுக்குக் கீழை வெடிச்சதெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை. நீ முன்னாலை போனனீ. அவன் பின்னாலை வந்தவன். சத்தம் கேட்டுது, திரும்பினனீ, ஆளைக் காணேல்லை. அவ்வளவுதான்."

"அப்பா, எங்கை கடைசியாக் கண்டனி எண்டு கேப்பாங்கள்."

"காணேல்லை எண்டு சொல்லு. கண்டனெண்டால் எங்கை நிண்டு கண்டனி எண்டு கேப்பான். மேலை நிண்டனெண்டால் ஆர் உடைச்சதெண்டு கேப்பான். ஒண்டு சொன்னால் எல்லாம் வரும். பொலிஸ் எழுதினால் எழுதினதுதான். பிறகு படிப்பும் இல்லை, ஒண்டும் இல்லை."

"அவன் உள்ளுக்குக் கிடக்கிறான் அப்பா."

"தேடுறது அவங்கடை வேலை. அவங்களுக்குத் தெரியும்."

பிறகு மிதுனன், "ஓம்" என்றான். போன் வைபட்டது. குசினி வாசலில் மனைவி யோகமலர் கையில் மாவோடு நின்றார்.

"என்ன சொல்லிக் குடுக்கிறியள் பிள்ளைக்கு?"

"வாயை மூடிக்கொண்டிரும். உம்மடை பிள்ளை உயிரோடை நிக்கிறான். அதைப் பாரும்."

யோகமலர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் அன்றைக்கு அவர் ரொட்டி சுடவில்லை. மா அப்படியே கிடந்து காய்ந்தது.

இருட்டுவதற்கு முன் காவலர் ஒருமுறை தேடினார்கள். மறுநாள் ஞாயிறு ஹெலிகொப்டரில் ஆட்கள் நாயோடு போனார்கள். பின்னால் வந்தவன் என்று மிதுனன் சொன்னபடியால், வழியை நேரே மறித்துக் கிடந்த பெரிய பனிக் குவியலைத்தான் வரிசையாக நின்று நீளக் கம்பிகளால் குத்திப் பார்த்தார்கள். அப்படித்தான் தேடவேண்டும், அவர்கள் மீது ஒரு பிழையும் இல்லை. பாறைக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருந்ததை அவர்கள் பார்க்காமலுமில்லை. ஆனால் அங்கே போனால் மேலே தொங்கிக்கொண்டிருந்த மிச்சப் பனி வந்து தேடுகிறவனை மூடும். காரணமில்லாமல் அங்கே ஆளை அனுப்ப முடியாது. அந்தக் காரணம் ஒரு விடுதி அறையில் போர்வைக்குள் குந்தியிருந்தது.

மிதுனன் மறுபடி போன் பண்ணினான். "அப்பா, பிழையான இடத்திலை தேடுறாங்கள். நான் போய்ச் சொல்லட்டே?"

"பொறு. நேற்று ஒண்டு, இண்டைக்கு ஒண்டெண்டால் பொய் சொன்னதெண்டு பிடிப்பாங்கள். அவங்களே எடுப்பாங்கள், பொறு."

முதல் நாள் சொன்னதைப் பயம் என்று விடலாம். இரண்டாம் நாள் சொன்னதற்கு அந்தச் சாட்டும் கிடையாது. அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. விளங்கித்தான் சொன்னார்.

திங்கட்கிழமை மலையில் பெரும் பனி கொட்டியது. காற்றும் சேர்ந்துகொண்டது. தேடுதலை நிறுத்திவிட்டதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். சறுக்கப் போனவர்களாலேயே சரிவு கழன்றிருக்கலாம் என்று ஒரு நிபுணர் வந்து படம் கீறிக் காட்டினார். சச்சிதானந்தன் ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தார், வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான் இருந்தார்கள் என்றாலும். கோயிலில் தெரிந்தவர்கள் வந்து கையைப் பிடித்தார்கள். முருகன்தான் பிள்ளையைத் தூக்கி வெளியே போட்டவர், ஒரு அபிசேகம் செய்யுங்கோ என்றார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மலையில் என்ன வேலை என்றும் ஒருத்தர் கேட்டார். மற்றப் பிள்ளையைப் பற்றி ஒருவரும் அதிகம் கேட்கவில்லை.

புதன்கிழமை பின்னேரம் யோகமலர் சேலையை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"ஸபியாவிட்டைப் போகவேணும். நீங்கள் வாறியளோ, நான் பஸ்ஸிலை போகட்டோ?"

"செத்தவீடெண்டு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை. என்னெண்டு போறது?"

"உங்களுக்குத் தெரியாதே செத்தவீடோ இல்லையோ எண்டு?"

அவர் கார்த் திறப்பை எடுத்தார்.

அஹமதுவின் வீடு நிறையச் செருப்பும் சப்பாத்துமாக இருந்தது. பெண்கள் உள்ளே ஓதிக்கொண்டிருந்தார்கள். யோகமலர் அவர்களிடம் போய்விட்டார். முன்னறையில் அஹமது தனியே இருந்தார். நாலு நாளில் ஆள் பாதியாகிவிட்டார். அவருடைய சனத்தில் மையத்தை, இறந்தவரின் உடம்பை, ஒருநாள்கூட வைத்திருக்கமாட்டார்கள். குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, தொழுவித்து, அன்றைக்கே மண்ணுக்குள் வைத்துவிடுவார்கள். இங்கே துணி வாங்கி வைத்தாகிவிட்டது, சுற்றுவதற்குப் பிள்ளை இல்லை. தொழுகை வைப்பதா, பொறுப்பதா என்று பள்ளிவாசலில் இரண்டு கருத்து.

"வைகாசியிலை பனி கரைஞ்சாப் பிறகு பாப்பமெண்டு சொல்லுறாங்க அண்ணை," என்றார் அஹமது. "வைகாசி மட்டும் எப்பிடி இருக்கிறது? ஸபியா சோறு வாயிலை வைக்கிறாவில்லை. அவனுக்குக் குளிருமாம்."

சச்சிதானந்தன் தலையை ஆட்டினார்.

அஹமது ஒரு மூலையைக் காட்டினார். அங்கே முழங்கால் உயரத்தில் புதுப் பனிச் சப்பாத்து ஒரு சோடி இருந்தது. விலைச் சீட்டு இன்னும் கழற்றவில்லை. பக்கத்தில் ஒரு மண்வெட்டி.

"நாளைக்கு பிளேனிலை போறன். அவங்க தேடாட்டி நான் தேடுவன். மிதுனன் தம்பி சொன்ன வழியிலை, நேரை அந்தக் குவியல்லை இருந்து துவங்கப் போறன். அவன் பின்னாலைதானே வந்தவன்."

அஹமதுவுக்கு ஒரு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்திருந்தது. கடையில் ஸ்டூல் வைத்துத்தான் இறைச்சி வெட்டுவார். அந்த மனிதர் மண்வெட்டியோடு ஒரு மலையளவு பனியைப் பிள்ளை இல்லாத இடத்தில் கிண்டப் போகிறார் என்பதைச் சச்சிதானந்தன் நினைத்துப் பார்த்தார். வெட்கத்தில் உடம்பு முழுக்கச் சுட்டது. அதை இனித் தாங்க ஏலாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அங்கை இல்லை நானா," என்றார்.

"என்ன அண்ணை?"

"பிள்ளை அங்கை இல்லை. இடப்பக்கம். பாறைக்குப் பின்னாலை ஒரு பள்ளம். மிதுனன் கண்டவன். மேலை நிண்டு கண்டவன். அவன்ரை காலுக்குக் கீழைதான் வெடிச்சது. காணேல்லை எண்டு சொல்லச் சொன்னது நான். அவன் அண்டைக்கே சொல்ல வெளிக்கிட்டவன். பிறகும் கேட்டவன். நான்தான் விடேல்லை."

உள்ளே ஓதும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அஹமது கத்தவில்லை, அடிக்க எழும்பவும் இல்லை. அடித்திருந்தால் சச்சிதானந்தனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அடி வாங்கி அவருக்குப் பழக்கம்.

"எங்களை ஊரைவிட்டு எழுப்பின அண்டைக்கு," என்றார் அஹமது மெல்ல, "அயல்சனம் ஒருத்தரும் ஒண்டும் காணேல்லை அண்ணை. எல்லாரும் உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்தினவை. நான் அவையளைக் கோவிக்கேல்லை. துவக்குக்கு முன்னாலை ஆர் என்ன செய்யிறது? இஞ்ச உங்களுக்கு முன்னாலை ஆர் துவக்கோடை நிண்டது?"

அஹமது போனை எடுத்துச் சச்சிதானந்தனின் மடியில் வைத்தார். அவர் கல்கரி நம்பரைச் சுழற்றி, மகன் எடுத்ததும், "நானாவிட்டை எல்லாத்தையும் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைக் கொடுத்தார். அஹமது போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பையன் குழறுவது வெளியே கேட்டது.

"அழாதை தம்பி," என்றார் அஹமது. "நீ உடைச்சதைப் பற்றி நான் கேக்கேல்லை. எங்கையெண்டு மட்டும் சொல்லு. பாறையிலை இருந்து எவ்வளவு தூரம்?"

அன்றிரவே மிதுனன் காவலரிடம் போனான். அவர்கள் அவனைத் திட்டவுமில்லை, கூண்டில் போடவுமில்லை. படத்தை விரித்து, இடத்தைக் குறிக்கச் சொன்னார்கள். வானம் வெளித்ததும் மேலே தொங்கின பனியை வெடிவைத்து இறக்கிவிட்டு, நாயைப் பள்ளத்துக்குள் விட்டார்கள். நாய் நேரே போய் ஒரு இடத்தில் கிண்டத் தொடங்கியது. பொலிஸ் வழக்கு என்று ஒன்று வரவேயில்லை. மலையில் பனி கழன்றதற்கு இந்த நாட்டில் ஒருவரையும் பிடித்துக் கட்டுவதில்லை என்பதைச் சச்சிதானந்தன் அப்போதுதான் அறிந்தார். அதை முதலே யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

நிஸ்தாரின் பெட்டி ரொறன்ரோ வந்த அன்று அஹமது போன் பண்ணினார். சச்சிதானந்தன்தான் எடுத்தார்.

"நாளைக்கு மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்," என்றார் அஹமது. குரல் கடையில் கணக்குச் சொல்லும் குரல்போல இருந்தது. "காவலர் என்னோடை கதைச்சவங்க. முகத்தைச் சுத்தி ஐஸ் கோதுமாதிரிக் கட்டியிருந்ததாம். உள்ளுக்குக் கிடந்து மூச்சு விட்டால்தான் அப்பிடிக் கட்டுமாம். எவ்வளவு நேரம் விட்டவனெண்டு கேட்டன். அது ஒருத்தராலையும் சொல்லேலாதாம்."

"நானா—"

"மிதுனனை அனுப்புங்கோ. அவன் கடைசிமட்டும் தோண்டினவன். என்ரை மகனுக்கு அவனும் மண் போடவேணும். நான் அவனை ஒண்டும் சொல்லமாட்டன், ஸபியாவும் சொல்லமாட்டா. நீங்க வரவேண்டாம் அண்ணை."

மையவாடி நகரத்துக்கு வடக்கே, பனி மூடிய வயல்களுக்கு நடுவில் இருந்தது. மிதுனனை ஏற்றிக்கொண்டு போனது சச்சிதானந்தன்தான். அவன் கல்கரியிலிருந்து வந்ததிலிருந்து தகப்பனோடு அதிகம் கதைக்கவில்லை. கோபமாக இருந்த மாதிரியும் தெரியவில்லை. வாசலுக்கு வெளியே ரோட்டோரத்தில் காரை நிறுத்தியதும், "நீங்கள் வரேல்லையோ அப்பா?" என்று கேட்டான். அவனுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

"நீ போ. நான் இதிலை நிக்கிறன்."

இறுகிய நிலத்தை முதல்நாளே யந்திரம் வைத்துத் திறந்திருந்தார்கள். கறுத்த மண் பனிக்கு மேலே குவிந்து கிடந்தது. ஆண்கள் ஒவ்வொருவராய்க் குனிந்து அள்ளினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மிதுனனை அஹமது நொண்டி நொண்டி வந்து தோளைப் பிடித்துக் கூட்டிப்போனார். எப்படிப் போடவேண்டும் என்று கையைக் காட்டினார். மிதுனன் முழங்காலில் இருந்து மூன்று தரம் அள்ளிப் போட்டான். பிறகு எழும்ப முடியாமல் அங்கேயே இருந்தான். அஹமது அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

சச்சிதானந்தன் அதைக் காருக்குள் இருந்து பார்த்தார். மகனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, அது ஒன்றைத்தான் அவர் கேட்டவர். மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கிப் போய் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வர அவருக்கு ஆசையாக இருந்தது, பசிபோல இருந்தது. அவர் இறங்கவில்லை.